நிறைவு நாளும் பிறந்த நாளும்: வடசென்னைக் கரையில் பெரியோர் நினைவு

ஆடி மாதத்து உத்திராட நட்சத்திரத்தன்று திருவொற்றியூர்க் கடற்கரையோரம் உள்ள பட்டினத்தார் சமாதிக்குச் செல்பவர், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும் சரக்குப்பெட்டக லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, லிங்கத் திருமேனிக்குப் பாலும் சந்தனமும் விபூதியும் மாறிமாறி அபிஷேகமாவதையும், வந்தவர்க்கெல்லாம் அன்னம் வழங்கப்படுவதையும் காணலாம். அன்று அங்கே நினைக்கப்படுவது அந்தத் துறவி பிறந்த நாள் அல்ல. அவர் உலக வாழ்வை நிறைவு செய்த நாள். அதே ஆடி மாதத்தில், பெரும்பாலும் அதே வாரத்துக்குள், சுவாதியில் சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் கேட்டையில் கலிய நாயனாருக்கும் குருபூஜை வருகிறது. முன்னவர் இத்தலத்தில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சபதம் செய்துகொடுத்து மணம் புரிந்தவர். பின்னவர் இவ்வூர்ச் செக்கார் மரபில் தோன்றி, விளக்கெரிக்க எண்ணெய்க்கு வழியற்றுப்போன நாளில் தம் கழுத்தையே அரிந்து அகலை நிரப்பத் துணிந்தவர் என்று பெரிய புராணம் கூறுகிறது. இம்மூவரும் பிறந்தது எந்த ஆண்டு, எந்தத் தேதி என்று கேட்டால் கோயிலைச் சேர்ந்த எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற கவலை ஆயிரம் ஆண்டுகளாக ஒருவருக்கும் எழுந்ததாகவும் தெரியவில்லை.

சைவர்களுக்கே உரிய விசேஷம் இது என்று எண்ணிவிடலாகாது. தெற்கே சிறிது தூரம் நடந்தால் இராயபுரத்தில், கடல்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் போற்றும் புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. இராயப்பரும் சின்னப்பரும் ரோமாபுரியில் உயிர்த்தியாகம் செய்ததன் ஞாபகமாகக் கத்தோலிக்கத் திருச்சபை அனுசரிக்கும் நாள் ஜூன் 29. கத்தோலிக்கப் பஞ்சாங்கம் முழுவதையும் புரட்டினாலும், கிறிஸ்துவையும் அவருடைய தாயாரையும் ஸ்நாபக அருளப்பரையும் தவிர்த்து, ஏனைய அர்ச்சியசிஷ்டவர்கள் பெரும்பாலும் இறந்த நாளிலேயே நினைக்கப்படுகிறார்கள். அந்த மரண தினத்தையே பரலோகத்தில் பிறந்த தினமாகப் பாவிப்பது ஆதித் திருச்சபையின் சம்பிரதாயம். அங்கிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் திரும்பினால் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்து, பராபரக் கண்ணியும் நிராமயக் கண்ணியும் பாடி, 1838இல் இப்பகுதியிலேயே மறைந்த அந்த ஞானிக்கும் கந்தூரி எடுப்பது மறைந்த நாளைக் கணக்கிட்டுத்தான். திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரியின் மீது ஐந்து கிருதிகள் பாடிச் சென்ற தியாகையருக்குத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனையும் புஷ்ய பகுள பஞ்சமி என்னும் சமாதித் திதியில் நிகழ்வதேயாகும். மூன்று மதங்கள், நான்கைந்து மைல் தூரத்துக்குள், ஒருவரையொருவர் கலந்து ஆலோசிக்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் ஒன்றே, எவர் பெரியவர் என்பது வாழ்வு முடிந்த பிறகே தெரியும், ஆகவே கொண்டாடத் தகுந்தது முடிந்த நாள்.

இதற்கு விலக்குகள் உண்டு. வைஷ்ணவர்கள் ஆழ்வார்களையும் ஆசாரியர்களையும் அவதரித்த திருநட்சத்திரத்தில் கொண்டாடுகிறார்கள். ஆழ்வார்களைத் திருமாலின் ஆயுதங்களும் அணிகலன்களும் மண்ணில் இறங்கிய அம்சங்கள் என்று கொண்டால், இறங்கிய நாள்தானே அவர்களுக்கு முக்கியமாக இருக்கவேண்டும். தெய்வங்களுக்குப் பிறந்த நாள் உண்டு: ராம நவமியும் கோகுலாஷ்டமியும் அவ்வகையின. மனிதருள் பிறந்த நாளைப் பகிரங்கமாகக் கொண்டாடும் பாத்தியதை நெடுங்காலம் அரசனுக்கு இருந்தது. தொல்காப்பியம் புறத்திணையில் அதனைப் பெருமங்கலம் என ஒரு துறையாகவே வகுத்திருக்கிறது. சோழர் காலத்தில் அது கோயிலின் நித்திய நைமித்திகங்களோடு கலந்துவிட்டது. திருவொற்றியூர்க் கோயிலின் தூங்கானை மாட விமானத்தை, சதுரானன பண்டிதரின் விருப்பப்படி, வீரசோழத் தச்சன் என்னும் சிற்பி கருங்கல்லால் சமைத்தது முதலாம் இராசேந்திரன் காலத்தில். அந்த இராசேந்திரனுடைய நட்சத்திரம் திருவாதிரை என்பதில் வழக்கில்லை. மாதம் எது என்பதில்தான் வழக்கு. மார்கழித் திருவாதிரை என்றே சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். தான் பிறந்தது ஆடித் திருவாதிரை என்று மன்னனே கூறும் திருவாரூர்க் கல்வெட்டு அந்தக் கொள்கையை மாற்றியது. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசும் ஆடித் திருவாதிரையை அரசு விழாவாக அறிவித்தது. கங்கை வரை படை நடத்தி, கடாரம் வரை கப்பல் செலுத்திய சக்கரவர்த்திக்கே பிறந்த மாதத்தைத் தீர்மானிக்கக் கல்வெட்டுச் சாட்சியம் தேவைப்பட்டதென்றால், சாமானியர் நிலையை என்னவென்று சொல்வது!

சாமானியர் வீட்டில் குழந்தையின் ஜன்ம நட்சத்திரம் ஜாதக ஓலையில் இருந்தது; அறுபது ஆண்டுச் சுழற்சி ஒருமுறை நிறைந்து பிறந்த வருஷமே திரும்பி வரும்போது மணிவிழா நடந்தது. மாதம், தேதி, வருஷம் என்னும் மூன்று எண்களால் மனிதனைக் குறிக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவை கும்பினி ஆட்சியின் கச்சேரியும், பாடசாலையும், ஆலைகளின் ஆளெடுப்புப் பதிவேடும். பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் ஜன்ம தினத்தன்று கோட்டையில் பீரங்கி முழங்கியது. ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களை எதிர்பார்த்திருந்தவர்கள் அன்று காலைப் பத்திரிகையைக் கை நடுங்கப் பிரித்தார்கள். பள்ளிக்கூடத்திலோ தகப்பனார் சொன்னதைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார்; தகப்பனாருக்குத் தெரியாதபோது தலைமையாசிரியரே ஒரு தேதியைச் சூட்டினார். இவ்வாறு ஜூன் மாதத்துப் பிள்ளைகளாக மாறியவர்கள் நம் தாத்தாக்கள் தலைமுறையில் கணக்கற்றவர். பெரியோரும் இதற்குத் தப்பவில்லை. ஆசிரியர் தினமாக நாடெங்கும் 1962 முதல் அனுசரிக்கப்படும் செப்டம்பர் 5, 1888இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். ஆனால் அவருடைய குமாரரும் சரித்திர ஆசிரியருமான கோபால், தம் தந்தையாரின் வாழ்க்கை வரலாற்றில், உண்மைத் தேதி 1887 செப்டம்பர் 20 ஆக இருக்கக்கூடும் என்று குறிப்பிட்டிருக்கிறார். அதனால் ஆசிரியர் தினத்துக்கு ஒரு குறைவும் நேர்ந்துவிடவில்லை; தேதியின் சத்தியம் வேறு, தேதியின் உபயோகம் வேறு.

நமது வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் உள்ளங்கையளவு தாளைக் கிழிப்பதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. மேலே தமிழ் மாதமும் கிழமையும். பக்கங்களில் திதி, நட்சத்திரம், இராகு காலம், குளிகை, எமகண்டம். அடியில் பொடி எழுத்தில் இன்னாருடைய பிறந்த தினம் அல்லது நினைவு தினம். சந்திரனும் சூரியனும் சர்க்காரும் கட்சியும் ஒரே தாளில் இடம் பங்கிட்டுக்கொண்டு சண்டையின்றி வாழ்கின்றன.

நட்சத்திரத்திலிருந்து தேதிக்கு நாம் மாறி வந்த வழியைக் கண்ணால் காண விரும்புகிறவர் இராமலிங்க அடிகளின் நினைவு எப்படி மாறியது என்று ஆராய்ந்தால் போதும். 1823 அக்டோபர் 5ஆம் நாள் மருதூரில் பிறந்த அடிகள், குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஒரு சிறு வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசித்தார். கந்தகோட்டத்து முருகனையும், நடந்தே சென்று திருவொற்றியூர்த் தியாகேசனையும் வடிவுடை அம்மனையும் பாடிய காலம் அது; சொல்லப்போனால் வள்ளலார் பிறப்பால் தென்னார்க்காட்டவர், வளர்ப்பால் வடசென்னைவாசி. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டார். அன்று முதல் அன்பர்களுக்கு வள்ளலாரின் நாள் தைப்பூசம். வடலூரில் ஏழு திரைகள் விலக ஜோதி தரிசனம் ஆகும் நாள். 2021இல் தமிழக அரசு அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது. தைப்பூசம் அன்பர்களுடையது, அக்டோபர் 5 அரசாங்கத்தினுடையது. தைப்பூசத்தன்று அடுப்பெரியும், அக்டோபர் 5 அன்று சுற்றறிக்கை வரும். இரண்டும் இருக்கட்டும், ஆயினும் எது எவருடைய நாள் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

கோயில்களில் ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு கட்டளைதாரர் உண்டு. முதல் நாள் மண்டகப்படி இன்ன குலத்தாருடையது, குருபூஜை அன்னம் இன்ன மடத்தினுடையது என்று சாசனமே இருக்கும்; கட்டளைதாரர் வம்சம் நொடித்தால் விழாவும் நொடித்துப்போகும். பெரியோர் பிறந்த நாளும் இவ்விதமே. கட்சியோ, சங்கமோ, அரசாங்கத்தின் ஓர் இலாகாவோ கட்டளைதாரராக முன்வந்தாலொழிய ஒருவருடைய பிறந்த நாள் இரண்டு தலைமுறை தாண்டுவதில்லை. இவ்வகையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கட்டளை ஏற்பட்ட இடம் இராயபுரம்.

ஈ.வெ.ராமசாமிப் பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. 1949 ஜூலையில் அவர் மணியம்மையாரை மணம் செய்துகொண்டதையொட்டி எழுந்த பிணக்கில் திராவிடர் கழகத்திலிருந்து விலகிய சி.என்.அண்ணாதுரையும் தோழர்களும், ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் கூடித் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தது அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள். அதன் தொடக்கப் பொதுக்கூட்டம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது. எவரை விட்டு விலகினார்களோ அவருடைய பிறந்த நாளிலேயே புதிய ஸ்தாபனத்தைத் தொடங்கி, தலைவர் நாற்காலியை அவருக்கென்றே காலியாக வைத்துவிட்டு, பொதுச் செயலாளர் பதவியோடு அண்ணாதுரை நின்றுகொண்டார் என்பது, ராஜதந்திரம், உறவு, மனத்தாங்கல் மூன்றும் பிரிக்கமுடியாதபடி கலந்த ஒரு செய்கை. பிற்காலத்தில் அண்ணா பிறந்த செப்டம்பர் 15, பெரியார் பிறந்த செப்டம்பர் 17, கழகம் பிறந்த அதே 17 மூன்றும் சேர்ந்து முப்பெரும் விழாவாயின. ராபின்சன் பூங்கா அறிஞர் அண்ணா பூங்காவாயிற்று.

பெரியாருக்குத் தம் பிறந்த நாள் கொண்டாடப்படுவதில் சங்கடமில்லாமல் இல்லை. எனினும் விடுதலைப் பத்திரிகையின் பிறந்த நாள் மலர்களில் ஆண்டுதோறும் எழுதி, அந்த நாளைப் பிரசாரத்துக்கு ஒரு சந்தர்ப்பமாக்கிக்கொண்டார். ஊர்தோறும் தராசின் ஒரு தட்டில் அவரை உட்காரவைத்து மறு தட்டில் பொருள் நிறைத்தார்கள். அரசர்கள் செய்த துலாபார தானத்தின் வடிவம், வைதிகம் கழன்று, கழக மேடையில் ஏறியது. சடங்குகளை எதிர்த்த இயக்கமும் சடங்கின் உருவத்தை உதறிவிட முடியாது என்பதை இதைவிட நயமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை.

அதே செப்டம்பர் 17, அதே வடசென்னையில், இன்னொரு பெரியவரை மறைத்துக்கொண்டும் நிற்கிறது. திரு.வி.கலியாணசுந்தரனார் 1953இல் மறைந்தது செப்டம்பர் 17ஆம் நாள். 1883 ஆகஸ்ட் 26இல் பிறந்த அவர், இராயப்பேட்டைவாசியாயினும், பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் துணையாக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். மாநகராட்சியின் ஒரு மண்டலமும் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இப்பக்கத்தில் அவர் பெயரால் விளங்குகின்றன. பெயர்ப்பலகையும் பேருந்துப் பலகையும் நாள்தோறும் அவர் பெயரை உச்சரிக்கின்றன. அவருடைய மறைவு நாளோ ஒலிபெருக்கிகளின் அடியில் கேட்காமற்போகிறது. மறைமலையடிகளுக்கு நேர்ந்தது இதனினும் வினோதம். அவர் பிறந்தது 1876 ஜூலை 15. மறைந்தது 1950 செப்டம்பர் 15. பிறந்த நாளைக் காமராசர் எடுத்துக்கொண்டார், மறைந்த நாளை அண்ணா எடுத்துக்கொண்டார். அடிகள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைக் காப்பாற்றி 1958இல் லிங்கி செட்டித் தெருவில் நூலகமாக அமைத்தது சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்; அந்தத் தெருவின் சுங்க ஏஜெண்டுகளுக்கும் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாக்களுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் அந்நூலகம் இயங்கிற்று. ஓர் அறிஞருக்கு அதுவே பிறந்த நாளைக் காட்டிலும் உறுதியான ஞாபகச் சின்னம் என்பது என் அபிப்பிராயம்.

காமராசரும் இழந்திருக்கிறார். 1903 ஜூலை 15இல் பிறந்த அவர் 1975இல் கண்மூடியது அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. காந்தியத்திலேயே தோய்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை என்று அன்றே பலர் கண்ணீர் மல்கச் சொன்னார்கள். நடைமுறையில் விளைந்தது என்னவென்றால், அவருடைய நினைவு முழுவதும் ஜூலை 15இல் வந்து குவிந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கி, 2014இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. துறைமுகத்துக்குரிய பெயர் என்று யாரும் முதலில் நினைக்கக்கூடிய வ.உ.சிதம்பரனார் பெயர் தூத்துக்குடிக்கு ஏற்கெனவே போய்விட்டது. சிதம்பரனார் 1912 டிசம்பரில் சிறைமீண்ட பின் சென்னைக்கு வந்து பெரம்பூர்ப் பக்கமும் குடியிருந்து வறுமையோடு போராடியவர், தொழிலாளர் இயக்கத்திலும் பங்குகொண்டவர். அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. பள்ளிகளில் அன்று ஆசிரியர்களுக்குப் பூச்செண்டு கொடுத்து முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால் செக்கிழுத்த செம்மலைப் பற்றி ஒரு மாணவன் பேசுவான். 2021இல் அரசு, அவர் மறைந்த நவம்பர் 18ஆம் நாளைத் தியாகத் திருநாளாக அறிவித்தது, ஒருவகையில் பழைய குருபூஜை நியாயத்துக்கே திரும்பியதாகும். முன்னூற்று அறுபத்தைந்து நாளுக்குள் இத்தனை பேரை அடக்கவேண்டியிருந்தால் மோதல் நேராமல் எப்படி இருக்கும்? வள்ளலார் மறைந்த ஜனவரி 30ஆம் தேதிதான் காந்தியடிகள் சுடப்பட்ட தேதியும். வள்ளலாரைத் தைப்பூசத்தில் வைத்து நினைப்பதால் அந்த நெருக்கடி தோன்றவில்லை.

பிறந்த நாளுக்கு வெறும் மாலை மரியாதை மட்டுமே உண்டு என்று சொன்னால் அநியாயமாகும். காலை எட்டு மணிக்குச் சிலையின் மேல் சாத்திய இரும்பு ஏணியில் ஒருவர் ஆளுயர மாலையோடு ஏற, கீழே அடுத்த அணியினர் தங்கள் மாலையோடு முறைக்குக் காத்திருக்க, முதலில் விழுந்த மாலையை இரண்டாம் மாலை மூடிவிடுவதை வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பார்த்து நாம் சலித்திருக்கிறோம். ஆனால் அரசாங்கம் கையில் எடுத்துக்கொள்ளும்போது பிறந்த நாள் ஒரு நிர்வாகக் கருவியாகவும் மாறுகிறது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பர் 15இல் தமிழகச் சிறைகளிலிருந்து ஆயுள் கைதிகள் 1,400க்கும் மேற்பட்டோர் முன்விடுதலை பெற்றார்கள். புழல் சிறை வாசலில் வந்து காத்திருந்த தாய்மாருக்கு அண்ணா பிறந்த நாள் என்பது என்ன அர்த்தம் கொண்டிருந்திருக்கும் என்பதை எந்த மேடைப் பேச்சாலும் சொல்லிவிட முடியாது. 2022இல் அதே செப்டம்பர் 15இல் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது; மறு ஆண்டு அதே நாளில் மகளிர் உரிமைத்தொகை காஞ்சிபுரத்தில். கட்சிகளோ மகப்பேறு மருத்துவமனைகளை நாடுகின்றன. தலைவர் பிறந்த நாளில் பிறந்த சிசுவுக்குத் தங்க மோதிரம் அணிவிப்பது இங்கே கட்சி பேதமின்றி வேரூன்றிய வழக்கம். இராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரால் விளங்கும் மகப்பேறு மருத்துவமனையில், பிரதமர் நரேந்திர மோதி பிறந்த செப்டம்பர் 17ஆம் நாளில் பிறக்கும் குழந்தைகளுக்கு மோதிரம் அளிக்கப்படும் என்று 2022இல் பாரதீய ஜனதா கட்சி அறிவித்தது. ராபின்சன் பூங்காவுக்குச் சற்றே தூரத்தில், அதே தேதியில், வேறொரு கட்டளை! நாளைப் பற்றிய உரிமைப் போரில் ஒன்றுமறியாத சிசுவின் விரலில் ஏறும் அந்த மோதிரம் எந்தக் கட்சியுடையதாயினும், அதை விற்றுப் பிள்ளைப்பேற்றுக் கடனை அடைத்த குடும்பங்களும் இருக்கும்; அது அவர்களுக்கு நல்ல நாளே.

கட்டளைதாரர் அற்றுப்போனவர் நிலையைப் பார்க்கவேண்டுமானால் சர் பிட்டி தியாகராயரைப் பார்க்கவேண்டும். 1852 ஏப்ரல் 27இல் பிறந்து, வடசென்னையிலேயே வாழ்ந்து, கைத்தறி நெசவில் ஈடுபட்டு, 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, தேர்தலில் கட்சி வென்றபோது முதன்மந்திரி பதவி வேண்டாம் என்று ஒதுங்கியவர். அவர் சென்னை நகரசபையின் தலைவராயிருந்த 1920இல்தான், ஆயிரம்விளக்கு நகரசபைப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு மதிய உணவளிக்கும் தீர்மானம் நிறைவேறியது. காமராசர் காலத்து மதிய உணவும், பிறகு வந்த சத்துணவும், இன்றைய காலை உணவும் இந்த ஓரணாவின் வழித்தோன்றல்கள். அவருடைய கட்சி மறைந்தது. அதன் சந்ததியினர் தங்களுக்கு அண்மையிலிருந்த தலைவர்களின் நாள்களைப் பெரிதாக்கினார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு கல்லூரி உண்டு, ரிப்பன் மாளிகை முன் ஒரு சிலை உண்டு, தெற்கே பட்டுக்கடைகள் நிறைந்த ஒரு நகர்ப்பகுதி முழுவதும் அவர் பெயரே. ஏப்ரல் 27 மட்டும் இல்லை.

அந்த ஏப்ரல் 27க்கு வேறொரு தகுதியும் இருக்கிறது. 1918இல் அதே நாளில்தான், பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. இந்தியாவில் ஒழுங்கான உறுப்பினர் சந்தாவோடு நடந்த தொழிற்சங்கங்களில் மிகப் பழையதாக அது மதிக்கப்படுகிறது. அதற்கு அடிகோலியவர்கள் செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும். ஆலைக்குள் வேலை பார்த்தவர்களல்லர்; அதே வட்டாரத்து வியாபாரிகள். தொழிலாளரின் குறைகளை நாள்தோறும் கேட்டுக் கேட்டு, அன்னி பெசண்டின் பத்திரிகையோடு தொடர்புடைய பி.பி.வாடியாவை அழைத்துவந்து தலைவராக்கினார்கள், திரு.வி.க. துணைத் தலைவரானார். சங்கத்தின் பெயர் எல்லாச் சரித்திரப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த இருவருடைய பிறந்த நாளை இன்று யாரேனும் நினைக்கிறார்களா? நினைப்பதற்கு யாரும் கட்டளை வைக்கவில்லை.

சிங்காரவேலர் வேறுவகை. 1860 பிப்ரவரி 18இல் அயோத்திக்குப்பத்து மீனவர் குடியில் பிறந்து, வக்கீலாகிப் பொருளீட்டி, ஒத்துழையாமைக் காலத்தில் அத்தொழிலைத் துறந்து, 1923 மே முதல் நாள் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி இந்தியாவில் மே தினத்தை முதன்முதலாகக் கொண்டாடியவர். 1925 டிசம்பரில் கான்பூர்ப் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். 1946 பிப்ரவரி 11இல், எண்பத்தாறு நிறைய ஒரு வாரமே இருக்கையில் மறைந்தவர். துறைமுகத்துக்கு எதிரே சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சிங்காரவேலர் மாளிகை என்று அவர் பெயரையே தாங்குகிறது. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அங்கே வரிசையில் நிற்கும் ஜனங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குரியவரைத் தெரியும் என்பது வேறு கேள்வி. ஆனால் பிப்ரவரி 18ஐ அறியாத மூட்டை தூக்குபவரும் படகுக் கூலியாளும் மே முதல் நாளை அறிவார்கள். அவர் பெயர் சொல்லப்படாவிட்டாலும் அவர் ஏற்றிய கொடி ஏறுகிறது. பிறந்த நாளுமில்லை, மறைந்த நாளுமில்லை. ஒரு மனிதர் செய்த செயலின் நாள் அவரைத் தாண்டி நிற்கிறது. வடசென்னைக்கு உகந்தது இம்மூன்றாவது முறையே என்று நான் கருதுகிறேன். கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாகப் போராடி, கூட்டமாகவே மறக்கப்பட்ட ஜனங்களின் ஊருக்குத் தனி மனிதரின் ஜாதகம் போதாது.

அப்படிப்பட்ட செயல் நாள்களை ஏற்றுக்கொள்ளும்போது அவற்றின் கசப்பையும் ஏற்றுக்கொண்டாகவேண்டும். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் 1921 வேலைநிறுத்தம் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீடித்தது. ஆகஸ்ட் 29ஆம் நாள் பெரம்பூரில் போலீசார் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்குச் சிலையில்லை, காலண்டரில் பொடி எழுத்தும் இல்லை. அதே வேலைநிறுத்தம், ஆலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் திரும்பாத சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே புளியந்தோப்பில் கலகமாக மாறி, குடிசைகள் எரிந்து, இரு சாராரும் ஒருவரையொருவர் நம்பாத நிலையை உண்டாக்கியது. தலைவர்களின் பிறந்த நாள் சொற்பொழிவில் இந்த அத்தியாயம் வருவதேயில்லை. பிறந்த நாளன்று குறை சொல்லலாகாது என்பது நம்மிடையே எழுதப்படாத விதி. மறைந்த நாளில் நிறுத்துப் பார்க்கலாம் என்று முன்னோர் இடம் வைத்திருந்தார்கள். பிறந்த நாளில் அந்த இடத்தை நாம் இழந்துவிட்டோம்.

பக்கிங்காம், கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் நூற்பு, நெசவுப் பிரிவுகளில் வேலைபார்த்தவர்களும், தகப்பனாரும் பாட்டனாரும் அங்கே உழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களும் பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் வியாசர்பாடியிலும் இன்னும் இருக்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்களும் அவ்வாறே. இப்பகுதிப் பள்ளித் தலைமையாசிரியர்களும் கிளை நூலகர்களும், அடுத்த ஏப்ரல் 27க்கும் ஆகஸ்ட் 29க்கும், அவர்களில் சிலரையேனும் அழைத்து உட்காரவைத்து, சம்பளச் சீட்டு, சங்க ரசீது, துண்டறிக்கை என்று வீட்டுப் பெட்டியில் கிடப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.